சட்டைக் கையை மடியுங்கோ, ஐயா

"தடுப்பூசி போட வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு படியேறும் பெரியவர் அபூர்வம். ஆணி குத்தியிருக்கும். நாய் கடித்திருக்கும். அமெரிக்க விசாவுக்குக் கடிதம் வந்திருக்கும். ஹஜ்ஜுக்குப் பெயர் வந்திருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் மகள் முதல்நாள் இரவு தொலைபேசியில் ஏசியிருப்பாள். இப்படி ஏதாவது ஒன்று பிடித்துத் தள்ளினால்தான் வளர்ந்த மனிதரின் கை என் முன்னால் நீளும். கொட்டாஞ்சேனையிலும் பிறகு வெள்ளவத்தையிலும் டிஸ்பென்சரிகளில் மிஸியாக வேலை செய்தவள் நான். ஊசி போடுவது அரை நிமிட வேலை. ஆணிக்கு வந்தவரிடம் ஆணியைத் தவிர்த்து வேறு நான்கு கேள்வி கேட்பதுதான் என் தொழில் என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் எடுத்தன.

பிள்ளைகளின் கதை வேறு. இந்த நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானதும் மருத்துவிச்சி வீடு தேடி வந்து பெயரைப் பதிந்துவிடுவார். பிள்ளை பிறந்தால் அதற்கென ஓர் அட்டை. எந்த மாதம் எந்த ஊசி என்று அதில் அச்சடித்திருக்கும். ஒரு கிளினிக் தவறினால் அடுத்த வாரமே மருத்துவிச்சி வாசலில் நின்று, "ஏன் வரேல்ல?" என்று கேட்பார். பள்ளிக்கூடம் போனால் அங்கேயும் சுகாதாரக் குழு வந்து போட்டுவிட்டுப் போகும். 1978 இல் தொடங்கிய விரிவான நோய்த்தடுப்புத் திட்டம் இலங்கையில் இந்தளவு பலன் தந்ததற்குக் காரணம் மருந்து மட்டுமல்ல, அந்த மருத்துவிச்சியின் நடையும்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கடைசி ஊசி போட்ட நாளோடு அந்தக் கணக்கு மூடப்படுகிறது. பதினெட்டு வயதுக்கு மேல் ஆண்பிள்ளையை யாரும் தேடி வருவதில்லை. பெண்பிள்ளையைக் கர்ப்பம் தரித்தால் மட்டும் மறுபடி தேடி வருகிறார்கள்.

இதன் விளைவை ஏற்பு ஊசியில் தெளிவாகப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்த்த டிஸ்பென்சரிக்கு ஜம்பட்டா வீதி, விவேகானந்தா மேடு, கொச்சிக்கடைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், இரும்புக்கடை நாட்டாமைகள், லேத் பட்டறைப் பையன்கள், மீன் வெட்டுகிறவர்கள். தகரம் கிழித்தது, பெட்டி உடைக்கும்போது ஆணி ஏறியது, மீன் முள்ளு குத்தியது என்று தினமும் யாராவது வருவார்கள். கணவனுக்குக் காயம், கூட்டிக்கொண்டு வந்தவர் மனைவி. "கடைசியா எப்ப ஏற்பு ஊசி போட்டீங்க?" என்று கேட்டால் கணவன் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். மனைவியோ தன் கணக்கை ஒப்புவிப்பார்: "எனக்குன்னா மூத்தவனுக்கு ரெண்டு, மத்த மூணு புள்ளைக்கும் ஒவ்வொண்ணு போட்டாங்க மிஸி." நான்கு பிள்ளை பெற்ற அந்தப் பெண்ணுக்கு ஐந்து ஊசி ஏறியிருக்கிறது. பிறக்கும் பிள்ளைக்கு ஏற்பு வரக்கூடாது என்று போட்டது தாய்க்கும் காவலாகிவிட்டது. இரும்போடு மல்லுக்கட்டும் கணவனுக்கு ஒன்றுமில்லை. அவருக்குத் தாய்சேய் கிளினிக் கிடையாதே.

இன்னொரு கணக்கும் உண்டு. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்பு மூன்றுக்கும் சேர்ந்த முக்கூட்டு ஊசி இலங்கைப் பிள்ளைகளுக்கு 1961 இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த ஓர் ஆணுக்கு வாழ்நாளில் ஏற்பு ஊசி ஏறியிருந்தால் அது ஏதோ ஒரு காயத்தின் புண்ணியம். அப்படி ஒருமுறை போட்டதை வைத்து, "எனக்குப் போட்டிருக்கு" என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். ஒன்று போட்டால் போதாது. முதல் ஊசி, ஒரு மாதம் விட்டு இரண்டாவது, ஆறு மாதமளவில் மூன்றாவது. இந்த மூன்றும் முடிந்தால்தான் அத்திவாரம். அதன்மேல் பத்து வருடத்துக்கு ஒன்று. அழுக்கான ஆழக் காயம் என்றால் ஐந்து வருடம் கழிந்திருந்தாலே இன்னொன்று. அத்திவாரமே இல்லாதவருக்கு அழுக்குக் காயம் வந்தால் ஊசி மட்டும் போதாது, உடனடியாகக் காக்கிற வேறு மருந்தும் தேவைப்படும். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்.

துருப்பிடித்த ஆணி என்றால் ஓடி வருவார்கள். தோட்டத்து மண்ணில் ரோசா முள் குத்தினால் வரமாட்டார்கள். துருவுக்கும் ஏற்புக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. காற்றுப் புகாத ஆழமான துளை கிடைத்தால் அது முளைக்கும். வெள்ளவத்தையில் மாடிவீட்டுப் பல்கனியில் பூச்சாடி வைத்து மாட்டெரு போடுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்மாரிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஏற்பு ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம். சின்னமுத்து வந்துபோனால் உடம்பு அதை மறப்பதில்லை. ஏற்பின் நஞ்சோ உடம்புக்கு அதை அறிமுகப்படுத்தும் அளவைவிடக் குறைந்த அளவிலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே பிழைத்தவருக்கும் ஊசிதான்.

தொண்டைக்கரப்பானுக்கான பாகமும் பெரியவர்களின் ஏற்பு ஊசியில் சேர்ந்தே வருவதுண்டு. "அது சின்னப்பிள்ளை வருத்தம் எல்லோ?" என்பார்கள். 1990களில் சோவியத் ஒன்றியம் உடைந்து உருவான தேசங்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அது வந்தது, ஏறத்தாழ ஐயாயிரம் பேர் செத்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். சிறுவயதில் போட்ட ஊசியின் பலம் தேய்ந்துபோயிருந்தது. இதை நான் ஒரு பயமுறுத்தலாகச் சொல்வதில்லை. ஆனால் கையில் எடுத்த மருந்துக் குப்பியில் இரண்டு நோயின் பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்பவருக்குப் பதில் வேண்டுமே.

நாய்க்கடிக்கு எங்களிடம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. ஆனால் வெறுங்கையோடு அல்ல. முதலில் குழாயடியில் நிறுத்திப் பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவ வைப்பேன். அந்தப் பதினைந்து நிமிடம் நாயைப் பற்றி விசாரிக்கவும் உதவும். வீட்டு நாயா, ஊசி போட்ட நாயா, பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க முடியுமா. காயத்தில் கோப்பித்தூளும் மஞ்சளும் அப்பிக்கொண்டு வருவார்கள், அதைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறகு தேசிய வைத்தியசாலைக்கு. அங்கே இந்த ஊசி இலவசம். வயதானவர்கள் இன்னமும் பின்வாங்குவதற்குக் காரணம் வயிற்றில் பதினான்கு ஊசி என்ற பழைய நினைவு. ஒருகாலத்தில் அது உண்மை. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து தொப்புளைச் சுற்றி நாளுக்கொன்றாக ஏறியது. இப்போது தோலுக்குள் துளித்துளியாக, கையில், சில நாட்கள் விட்டுவிட்டு. 1973 இல் இந்தத் தீவில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். இப்போது வருடத்துக்கு முப்பதளவில்தான். அப்படி இறப்பவர்கள் பெரும்பாலும் ஊசி கிடைக்காமல் இறப்பவர்களல்ல, "நாய்க்குட்டிதானே, நகம்தானே பட்டது" என்று போகாமல் விட்டவர்கள்.

கலியாணம் நிச்சயமான பெண்களை ஒரு கேள்வியோடு நான் விடுவதே இல்லை. தாய்மார் தடிமலுக்கு மருந்தெடுக்கக் கூட்டி வருவார்கள். தடிமலுக்கு மருந்து டொக்டர் எழுதுவார். நான் மெல்ல, "ருபெல்லா ஊசி போட்டிருக்கோ, தங்கச்சி?" என்பேன். அந்த நோய் பெரியவருக்கு இரண்டு நாள் காய்ச்சலும் கொஞ்சம் தடிப்பும்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும். 1990களின் நடுவில் இங்கே அது பரவி, குறையோடு பிள்ளைகள் பிறந்த பிறகு, 1996 இல் பெண்களுக்கென்று ருபெல்லா ஊசி தொடங்கியது. வளர்ந்தவர்களைக் குறிவைத்து நாட்டளவில் நடந்த முக்கியமான வேலை அது. 2020 இல் ருபெல்லாவை இல்லாமல் செய்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து கலியாணத்துக்கு வந்தவர்கள், போர்க்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து வன்னியில் பள்ளிக்கூடம் பாதியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் அட்டை இருக்காது. பெட்டி தூக்கிக்கொண்டு ஓடியவரிடம் கிளினிக் அட்டை எங்கே என்று கேட்பது முறையல்ல. தெரியாவிட்டால் போடாதவராக எடுத்துக்கொள் என்பதுதான் விதி. போட்டவருக்கு மறுபடி போட்டாலும் கெடுதி இல்லை. ஒன்று மட்டும் கட்டாயம் கேட்க வேண்டும். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி இது. கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது, போட்டு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கவும் கூடாது. தாயார் பக்கத்தில் இருக்க, கலியாணமாகாத பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி என்று எந்தத் தாதியர் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. நான் தாயாரைக் காசு கட்ட முன்மேசைக்கு அனுப்பிவிடுவேன்.

சின்னமுத்து பெரியவர்களிடம் திரும்பி வந்ததும் நடந்தது. 2013, 2014 இல் நாடு முழுக்கப் பரவியபோது ஒருபக்கம் கைக்குழந்தைகள், மறுபக்கம் இளவட்டங்கள். 2019 இல் ஒழிந்தது என்று சான்றிதழ் கிடைத்தது. 2023 இல் கொழும்பிலேயே மறுபடி தலைகாட்டியது. 2024 இல் 20 முதல் 30 வயதுக்காரருக்கென்று அரசு தனியாக ஊசி ஏற்பாடு செய்தது. அந்த வயதில் ஒரு பையனைக் கிளினிக்குக்கு வரவைப்பதைவிடச் சின்னமுத்தை ஒழிப்பது சுலபம்.

கொட்டாஞ்சேனையில் கொப்புளிப்பான் வந்தால் அது அம்மாள் வருத்தம். வாசலில் வேப்பிலை, மச்சம் மாமிசம் இல்லை, தலைமுழுகும்வரை ஆள் வெளியே வரமாட்டார். முத்துமாரியம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருப்பார்கள். வேப்பிலைக்கு நான் எதிரியல்ல. அந்த ஒதுக்கம் மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க உதவுகிறது. ஆனால் வளர்ந்தவருக்குக் கொப்புளிப்பான் பிள்ளைகளுக்கு வருவது போல அல்ல, நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவாகக்கூடும். கொப்புளம் கிளம்பிய முதல் நாளிலேயே வைத்தியரிடம் வந்தால் கொடுக்க மாத்திரை இருக்கிறது. தலைமுழுகிய பிறகு வந்தால் தழும்புக்குக் களிம்புதான். அதே வீட்டில் இன்னும் வராதவர்கள் இருந்தால் அவர்களுக்கு மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் ஊசி போட்டுக் காப்பாற்றலாம். இதைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. "அம்மாள் வந்த வீட்டில ஊசி போடலாமா மிஸி?" என்று கேட்டால், "வந்தவருக்கு வேணாம் அக்கா, வராதவங்களுக்குத்தான்" என்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கர்ப்பிணி இருந்தால் மட்டும் ஊசி கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

வெள்ளவத்தைக்கு வந்தபோது நோயாளிகளின் வயது கூடியது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் மாடிக்கு மாடி வயதான தம்பதிகள். பிள்ளைகள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி. இங்கே யாருக்கு என்ன ஊசி என்பதை அநேகமாகத் தொலைபேசிதான் தீர்மானிக்கிறது. ஒரு நாள் ஓர் அம்மா கைத்தொலைபேசியை என் காதில் வைத்துவிட்டார். மறுமுனையில் மகள்: "மிஸி, இஞ்ச அறுபத்தைஞ்சுக்கு மேல எல்லாருக்கும் அக்கி ஊசி சும்மா குடுக்கினம். அம்மாவுக்கு ஏன் போடேல்ல?" ஒன்டாரியோவில் 65 முதல் 70 வயதுவரை அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது உண்மை. இங்கே நிலைமை வேறு. பெரியவர்களுக்கான ஊசிகளில் பெரும்பாலானவற்றைக் கைக்காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆகவே எதை முதலில் என்று வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. சலரோகமும் முட்டும் உள்ள எழுபது வயது அம்மாவுக்கு நான் சொல்லும் வரிசை: இந்த வருடத்துக் காய்ச்சல் ஊசி, பிறகு நியூமோனியா ஊசி, ஏற்பு, அதன்பின் மற்றவை. மகளுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவுக்குப் பிடித்தது, செலவு குறைவல்லவா.

காய்ச்சல் ஊசிக்கு மாதம் பார்ப்பது ஒரு தனிக் கணக்கு. கனடாப் பிள்ளைகள் ஒக்டோபரில் போடச் சொல்வார்கள், அவர்களுக்கு மாரி அப்போதுதான். எங்களுக்கு இன்ஃபுளுவென்சா இரண்டு முறை ஏறுகிறது. மே, ஜூன், ஜூலையில் ஒன்று. வருடக் கடைசியில் தொடங்கித் தைப்பொங்கலைத் தாண்டிப் போவது மற்றது. தென்கோளத்துக்கென்று தயாராகும் மருந்து சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வந்தால் அதைப் போடுவதே இந்த ஊருக்குப் பொருந்தும். நியூமோனியா ஊசியிலும் ஒழுங்கு இருக்கிறது. பதின்மூன்று வகைக் கிருமிக்கானது முன்னால், இருபத்துமூன்று வகைக்கானது ஒரு வருடம் கழித்து. எண் பெரியதென்று இருபத்துமூன்றை முதலில் கேட்பவர்கள் உண்டு. பதின்மூன்று, உடம்பு நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்படி செய்யப்பட்டது. ஆகவே அத்திவாரம் அதுதான். இப்போது ஒரே ஊசியில் முடிக்கும் இருபது வகையும் உலகத்தில் வந்துவிட்டது. மண்ணீரல் எடுக்கப்போகிற தலசீமியாப் பிள்ளைகள், வாலிபர்கள் வந்தால் மட்டும் வரிசையெல்லாம் மாறும். அறுவைக்கு இரண்டு வாரமாவது முந்திப் போட்டுவிட வேண்டும்.

போடுகிற கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஊசி போடுவதற்குத் தாயின் பிடி வேண்டும், பெரியவருக்குச் சட்டை ஒத்துழைக்க வேண்டும். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கிச் சுருட்டிவிட்டு, "போடுங்கோ" என்பார்கள். தோளில் எலும்பு முனை தட்டுப்படும் இடத்திலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே போட வேண்டும். மேலே போனால் மூட்டுக்குள் இறங்கி மாதக்கணக்கில் கை தூக்க முடியாமல் போகும். ஆகவே சட்டையைக் கழற்றச் சொல்வேன். சேலைக்காரருக்குப் பிரச்சினை குறைவு. இறுக்கிய கைச் சல்வார்தான் பெரும்பாடு, அதற்காகவே ஒரு பழைய சால்வையை வைத்திருக்கிறேன். பருத்த கைக்கு ஒரு அங்குல ஊசி போதாது, ஒன்றரை அங்குலம் வேண்டும். கொழுப்புக்குள் விட்ட மருந்து நோவைத்தான் கொடுக்கும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்றால் யாரும் கேட்பதில்லை. மயங்கி விழுகிறவர்கள் கிழவிகள் அல்ல. உடற்பயிற்சி செய்து தோள் திரண்ட இளைஞர்கள்தான், அதுவும் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். பதினைந்து நிமிடம் எல்லாரும் வாங்கில் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வாமைக்குப் போடுகிற அட்ரினலின் என் வலது கைப்பக்கத்துத் தட்டில். அதை எடுக்க வேண்டிவரும் நாள் மிக மிக அரிது, ஆனால் அது இல்லாத மேசையில் நான் ஊசி போடமாட்டேன்.

பயணக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, முத்திரை வேண்டும். ஹஜ் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சலுக்கான நால்வகை ஊசி, சவூதிக்குள் கால் வைப்பதற்குப் பத்து நாள் முன்னராவது. 1987 ஹஜ்ஜிலும் பிறகு 2000, 2001 இலும் அந்த நோய் யாத்திரிகர்களோடு நாடு நாடாகப் போனதால் வந்த சட்டம் அது. ஆபிரிக்காவுக்குக் கப்பலேறுகிற கொட்டாஞ்சேனைப் பையன்களை மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவோம். அந்த மஞ்சள் அட்டை முன்பு பத்து வருடத்துக்குத்தான், 2016 ஜூலையிலிருந்து ஆயுளுக்கும். பழைய அட்டையோடு, "காலாவதியாகிட்டுது மிஸி" என்று வருகிறவரைப் பார்த்து, "இல்லை தம்பி, பத்திரமா வையுங்க" என்று சொல்வது எனக்கு ஒரு சின்ன சந்தோசம். அமெரிக்கக் குடியேற்ற விசாக்காரருக்கு வயதுக்கேற்றபடி ஒரு கட்டே இருக்கிறது. ஐம்பது வயதுவரை ஏற்பு ஊசிக்குக் கையைக் காட்டாத மனிதர், விசா என்றதும் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

வெள்ளவத்தைச் சைவக்கடை முதலாளிமார் சமையல்கட்டுப் பையன்களை நெருப்புக்காய்ச்சல் ஊசிக்கு மொத்தமாகக் கூட்டி வருவதும் இந்த இனம்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் காட்ட ஒரு துண்டு வேண்டும். பையன்கள் ஹட்டன், பதுளைப் பக்கம். பின்னேர வியாபாரம் தொடங்குமுன் ஓட வேண்டும் என்ற அவசரம். அந்த வகை ஊசி மூன்று வருடத்துக்கொருமுறை. மூன்று வருடம் ஒரே கடையில் நிற்கிற பையனை நான் கண்டதில்லை, ஆகவே அடுத்த முதலாளி புதிதாகப் போடுவார். நான் துண்டை முதலாளியிடம் கொடுக்காமல் பையனிடமே கொடுப்பேன். முதலாளிக்கு வேண்டுமென்றால் படமெடுத்துக்கொள்ளட்டும்.

மருந்தைக் காப்பது ஊசி போடுவதைவிடக் கடினம் என்று 2022 எங்களுக்குப் பாடம் எடுத்தது. தடுப்பூசி குளிர்சாதனப் பெட்டியில் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். சாதாரண நாளில் இது ஒழுக்கம் சார்ந்த விசயம். காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து எழுதுவது, கதவுத் தட்டில் மருந்து வைக்காமல் தண்ணீர்ப் போத்தல் வைப்பது, யாருடைய தயிர்ச் சட்டியும் மீன் பொதியும் அந்தப் பெட்டிக்குள் போகாமல் பார்ப்பது. அந்த வருடம் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. மார்ச் 31 இல் பதின்மூன்று மணித்தியாலம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, டீசலுக்கு வரிசை. பெட்டியைத் திறக்காமல் இருந்தால் உள்ளே வைத்த தண்ணீர்ப் போத்தல்கள் சில மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். ஆகவே ஊசி போடும் நேரத்தை மின்சாரம் இருக்கும் நேரத்துக்கு மாற்றினோம். வெட்டு தொடங்குமுன் அன்றைக்குத் தேவையானதை மட்டும் சின்னப் பெட்டிக்கு எடுத்துவிட்டுப் பெரியதைத் துணியால் கட்டிவிடுவேன், மறந்தும் யாரும் திறக்கக்கூடாதென்று.

உதவி செய்ய வந்தவர்கள் எல்லாரும் ஐஸ் கட்டி கொண்டுவந்தார்கள். பயம் அங்கேதான். சூட்டில் ஓரிரு மணித்தியாலம் இருந்தால் பல தடுப்பூசிகள் தாங்கும். உறைந்தால் ஏற்பு ஊசியும் செங்கமாரி பி ஊசியும் அந்தக் கணமே செத்துவிடும். வெளியே பார்க்க வித்தியாசம் தெரியாது. குப்பியைக் குலுக்கி வைத்தால், உறைந்து உருகியது சரசரவென்று அடியில் படியும், நல்லது நெடுநேரம் பால்போல் கலங்கியே நிற்கும். ஆகவே ஐஸ் பொதியை அப்படியே மருந்தோடு வைக்காமல், உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை மேசையில் கிடத்திப் பிறகுதான் வைக்க வேண்டும். ஐஸ் தூக்கிக்கொண்டு வியர்த்து வந்தவரிடம், "கொஞ்சம் உருகட்டும் அண்ணை" என்று சொன்னால் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றதும் அதே காலம். பெட்டிக்குள் மருந்து குறையக் குறையக் கட்டிக் காப்பதும் இலகுவானது என்று எங்கள் டொக்டர் கசப்பாகச் சிரிப்பார்.

பெரியவர்களின் ஊசிக்கு ஒரே ஒருமுறை சொந்தக்காரர் இருந்தார்கள், கொரோனாக் காலத்தில். 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம் அடைபட்டுக் கிடந்தன. 2021 ஜனவரி 28 இல் இந்தியாவிலிருந்து ஐந்து லட்சம் கோவிஷீல்ட் வந்திறங்கி, மறுநாளே போடத் தொடங்கினார்கள். பிறகு நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இரண்டாவது ஊசிக்கு மருந்தில்லாமல் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் காத்திருந்தார்கள், ஜூலை கடைசியில் ஜப்பான் அனுப்பும்வரை. சினோபார்ம் போட்டால் கனடா விடுமா என்ற கேள்வியால் வெள்ளவத்தையில் எத்தனையோ பேர் தள்ளிப்போட்டார்கள். ஆனால் நான் கவனித்தது வேறு. கிராம சேவகரிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. பரிசோதகர் தெருவில் நின்றார். விகாரமகாதேவிப் பூங்காவில் இராணுவம் இரவிலும் ஊசி போட்டது. எழும்ப முடியாதவரின் வீட்டுக்கு வாகனம் போனது. அறுபது வயதுக்காரரை இந்த நாடு வீடு தேடிப் போய் ஊசிக்குக் கூப்பிட்டதை என் தொழிலில் அன்றுதான் பார்த்தேன். கையில் அட்டை, அதில் தேதி, அடுத்த தேதி. பிள்ளைகளுக்குச் செய்வதைப் பெரியவர்களுக்கும் செய்ய ஆளும் வழியும் இருக்கிறது என்று தெரிந்தது. தொற்று அடங்கியதும் அந்தப் பட்டியல்களும் அடங்கின. எஞ்சியது அலுப்பு. "இன்னும் ஊசியோ? கொரோனாவுக்குப் போட்டதே காணும்" என்ற பதிலை இப்போதும் கேட்கிறேன்.

அதனால் நானே ஒரு கொப்பி போட்டேன். அரசாங்கத்தின் பட்டியலுக்கு ஈடாகாது, என் மேசைக்கு வருகிறவர்களுக்கு மட்டும். பெயர், பிறந்த வருடம், என்ன வருத்தம், எந்த ஊசி எப்போது, அடுத்தது எப்போது, கடைசி வரியில் வெளிநாட்டிலுள்ள மகன் அல்லது மகளின் இலக்கம். அதே விபரத்தை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்து, அதைத் தொலைபேசியில் படமெடுக்கவும் சொல்வேன். அட்டை தொலையும், படம் தொலையும், கொப்பி என்னிடம் இருக்கும். முடி வெட்டும் கடை, அழகு நிலையம், பல் வைத்தியர் அறை என்று இரத்தம் படக்கூடிய இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அதில் தனிப் பக்கம். செங்கமாரி பி ஊசியின் மூன்றாவதை மறக்கிறவர்கள் இவர்கள்தான். முதலாவது போட்டு ஆறாம் மாதம் நான் அழைப்பேன்.

அந்தக் கொப்பியில் ஒழுங்காக வருகிறவர்களில் ஒருவர், ராமகிருஷ்ண வீதிப் பக்கமுள்ள ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா. பெட்டியில் அச்சடித்திருப்பதை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் கை நீட்டுவார். போன முறை காய்ச்சல் ஊசிப் பெட்டியை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, முந்தி நாலு கிருமிக்கு எண்டு இருந்தது. இப்ப மூண்டுதான் போட்டிருக்கு. விலை மட்டும் குறையேல்ல."

"அந்த நாலாவது கிருமி 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில எங்கயும் பிடிபடேல்ல, ஐயா. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ள இருந்த காலத்தில அது அழிஞ்சு போயிருக்க வேணும். இல்லாத ஒண்டுக்கு ஏன் ஊசி எண்டு எடுத்துவிட்டினம்."

"அப்ப முகமூடியால ஒரு லாபம் வந்திருக்கு எண்டு சொல்லுங்கோ" என்றவர், கணக்கு நேரானதில் திருப்தியாகிச் சட்டையைக் கழற்றினார். வழமைபோல அவரோடு துணைக்கு வந்த மனைவி கதிரையில் கைப்பையோடு இருந்தார். கொப்பியைப் புரட்டினேன். ஐயாவுக்கு ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அம்மாவுக்குப் பெயரே இல்லை.

"உங்களுக்குக் கடைசியா எப்ப ஊசி போட்டது, அம்மா?"

"எனக்கோ? கடைசிப் பிள்ளைக்குப் போட்டது. அவனுக்கு இப்ப நாப்பத்திமூண்டு."

ஐயா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மனைவியைப் பார்த்தார், பிறகு பணப்பையை மறுபடி எடுத்தார். அன்றைக்குப் பெட்டியில் காய்ச்சல் ஊசி ஒன்று மிச்சமிருந்தது. புதுப் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதி, ஏற்பு ஊசிக்கு அடுத்த மாதம் ஒரு தேதியும் போட்டுக் கொடுத்தேன்.